நீளமான போலிஷ் சொற்கள்: அசை பிரிப்பும் சொல்லாக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்துக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ போகிறவர்கள் போலிஷ் கற்கத் தொடங்கியதும் முதலில் மிரள்வது சொற்களின் நீளத்தைப் பார்த்துத்தான். அந்த மிரட்சிக்குப் பெரும்பாலும் ஒரே காரணம், இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. சொல்லை ஒலிப்பதற்காக அசைகளாகப் பிரிப்பது ஒன்று. பொருள் அறிவதற்காக உறுப்புகளாகப் பிரிப்பது மற்றொன்று. இரண்டு வெட்டுகளும் சில இடங்களில் ஒன்றாக விழும், பல இடங்களில் விழாது. கீழே உள்ள பதில்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே போகின்றன.

எழுத்துப்பெயர்ப்பு பற்றி ஒரு குறிப்பு. போலிஷில் உள்ள நான்கு வெவ்வேறு ஒலிகளுக்கு இங்கே ‘ஷ’ என்ற ஒரே எழுத்துதான் பயன்படுகிறது. ‘ச’, ‘வ’, ‘ஸ’ ஆகியவையும் அப்படியே. ஆகவே இங்குள்ள வடிவங்களைச் சொல்லின் எலும்புக்கூட்டைக் காட்டுபவையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

‘அசை’ என்று இங்கே சொல்வது யாப்பில் படித்த நேர், நிரையா?

இல்லை. யாப்பில் ‘பல’ என்பது ஒரே நிரையசை. மொழியியல் கணக்கில் அது ‘ப-ல’ என்று இரண்டு அசை. இந்தப் பக்கத்தில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்பதே அளவு.

ஒரு போலிஷ் சொல்லில் எத்தனை அசை என்று எப்படி எண்ணுவது?

மெய்களைப் பார்க்காதீர்கள், உயிர்களை மட்டும் எண்ணுங்கள். போலிஷ் எழுத்துகள் 32. அவற்றில் உயிரெழுத்துகள் ஒன்பதுதான்: ஏ, ஈ, ஐ, ஓ, யூ, வொய் என்ற ஆறு ரோமன் எழுத்துகள், வால் வைத்த ஏ, வால் வைத்த ஈ, மேலே கோடு போட்ட ஓ. இந்த ஒன்பதில் எது வந்தாலும் ஓர் அசை.

இதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. ஐ என்ற எழுத்து வேறோர் உயிருக்கு முன்னால் வந்தால் அது உயிர் அல்ல. முன்னால் உள்ள மெய்யை மென்மையாக்கவோ, ‘ய்’ ஒலியைத் தரவோ மட்டுமே அது நிற்கிறது. ‘பொறுப்பு’ என்ற பொருளுள்ள ‘ஒத்போவ்யேஜல்நோஷ்ச்’ என்ற சொல்லை எழுதினால் ஏழு உயிரெழுத்துகள் கண்ணில் படும். அவற்றில் இரண்டு இப்படி மென்மைக்காக வந்த ஐ. அவற்றைக் கழித்தால் ஐந்து அசை: ஒத்-போ-வ்யே-ஜல்-நோஷ்ச்.

நாம் மூன்று அசையாகச் சொல்லும் ‘மரியா’ என்ற பெயர் போலிஷில் ‘மர்-யா’ போல இரண்டே அசைதான். வரலாறு என்ற பொருளுள்ள ‘ஹிஸ்தோர்யா’வும் நான்கு அல்ல, மூன்று.

ஒன்பது எழுத்தில் ஒரே அசை உள்ள சொல் இருக்கிறது என்பது உண்மையா?

உண்மைதான். ‘ஹ்ஷோன்ஷ்ச்’ என்றால் வண்டு. எழுதினால் ஒன்பது எழுத்து. உயிரெழுத்து ஒன்றே ஒன்று, நடுவில் வரும் வால் வைத்த ஏ. ஆகவே ஓர் அசை. பார்க்கப் பயமுறுத்தினாலும் அந்த ஒன்பதில் எட்டு எழுத்துகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒவ்வோர் ஒலியைத் தருபவை: சி-எச், ஆர்-இஸட், எஸ்-இஸட், சி-இஸட். அதாவது உண்மையில் நான்கு மெய்யொலி, ஓர் உயிர். நீளம் ஒலியில் இல்லை, எழுத்துமுறையில் இருக்கிறது.

இந்த இரட்டை எழுத்துகளை ஒன்றாகப் பார்க்கக் கண் பழகிவிட்டால் போலிஷ் சொற்களின் நீளம் வெகுவாகக் குறைந்துவிடும். முதல் மாதத்தில் வேறெதையும் விட இதற்கே நேரம் செலவிடச் சொல்வேன்.

செக் மொழியில் ‘ர்’ தனியாகவே ஓர் அசையாக நிற்குமே? போலிஷிலும் அப்படியா?

இல்லை. செக் மொழியில் ‘பெத்ர்’ என்ற பெயரின் கடைசி ‘ர்’ ஓர் அசை. போலிஷில் அதே பெயரான ‘ப்யோத்ர்’ முழுவதும் ஒரே அசை. போலிஷில் மெய் ஒருபோதும் அசையைத் தாங்காது.

மெய்கள் இப்படி நெருக்கியடித்து நிற்பது ஏன்?

இடையில் இருந்த உயிர்கள் உதிர்ந்துபோனதால்தான். போலிஷ் கிளைத்து வந்த பழைய ஸ்லாவிய மொழியில் மிகக் குறுகிய இரண்டு உயிர்கள் இருந்தன. ‘யெர்’ என்று மொழியியலார் அவற்றைச் சொல்கிறார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, அவை சில இடங்களில் முற்றிலும் மறைந்தன; சில இடங்களில் வலுப்பெற்று முழு உயிராக மாறின. சொல்லின் கடைசியிலிருந்து எண்ணினால் ஒன்றுவிட்டு ஒன்று மறைந்திருக்கும். இந்த ஒழுங்கை 1889இல் எடுத்துக்காட்டியவர் அன்தொனின் ஹவ்லீக் என்ற செக் அறிஞர்.

அதன் தடம் இன்றும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. ‘ப்யெஸ்’ என்றால் நாய், ‘ப்ஸா’ என்றால் நாயின். முதல் வடிவில் உயிர் பிழைத்துக்கொண்டது, இரண்டாவதில் உதிர்ந்து ‘ப்ஸ்’ என்ற மெய்க்கூட்டம் மிஞ்சியது. ‘ஒதெப்ராச்’ (பெற்றுக்கொள்வது), ‘ஒத்ப்யெராச்’ (அதையே தொடர்ந்து செய்வது) என்ற இணையில் முன்னொட்டு ஓரிடத்தில் ‘ஒதெ’, மற்றோரிடத்தில் ‘ஒத்’ என்று வருவதற்கும் இதுவே காரணம். இலக்கணப் புத்தகங்கள் இதை ‘நகரும் ஈ’ என்று சொல்லி விலக்குப் பட்டியலில் போட்டுவிடுகின்றன. காரணம் தெரிந்தால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

அழுத்தம் எந்த அசையில் விழும்?

கடைசிக்கு முந்தைய அசையில். பெரும்பாலான சொற்களுக்கு இந்த ஒரு விதி போதும். முக்கியமான விஷயம், சொல் நீளும்போது அழுத்தமும் கூடவே நகரும். ஆசிரியர் ‘நா-உ-சி-செல்’: அழுத்தம் ‘சி’யில். ஆசிரியரின் ‘நா-உ-சி-செ-லா’: அழுத்தம் ‘செ’யில். ஆசிரியர்களால் ‘நா-உ-சி-செ-லா-மி’: அழுத்தம் ‘லா’வில். அதனால்தான் அசைகளை எப்போதும் வலப்பக்கத்திலிருந்து எண்ணப் பழக வேண்டும் என்கிறேன். இடப்பக்கத்திலிருந்து எண்ணுகிறவர் சொல்லின் முடிவுக்கு வரும்போது அழுத்தம் விழ வேண்டிய இடத்தைத் தாண்டியிருப்பார்.

விலக்குகள் உண்டு. கிரேக்கம், லத்தீனிலிருந்து வந்த ‘மதெமாதிகா’ (கணிதம்), ‘முஸிகா’ (இசை) போன்றவற்றில் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம். ‘உ-நி-வெர்-ஸி-தெத்’ (பல்கலைக்கழகம்) என்பதில் ‘வெர்’ அழுத்தம் பெறும். ஆனால் வேற்றுமை உருபு சேர்ந்து ‘உ-நி-வெர்-ஸி-தெ-து’ ஆனதும் அழுத்தம் பொது விதிக்குத் திரும்பி ‘தெ’க்குப் போய்விடும்.

வினைச்சொற்களில் ‘ஸ்ரோ-பி-லிஷ்-மி’ (நாங்கள் செய்தோம்) என்பதில் ‘பி’ அழுத்தம் பெறுவதே நெறி. காரணம், கடைசியில் உள்ள ‘-ஷ்மி’ ஒரு காலத்தில் தனியாக நின்ற துணைவினை. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, ஆனால் அழுத்தம் பழைய இடத்திலேயே நிற்கிறது. இன்று போலந்துக்காரர்களில் பலர் பேச்சில் ‘லிஷ்’ என்பதை அழுத்துகிறார்கள். இரண்டையும் கேட்பீர்கள். நீங்கள் முதலாவதைக் கற்றுக்கொள்ளுங்கள், மேடையிலும் வகுப்பிலும் அதுதான் மதிக்கப்படும்.

அசை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது? நடுவில் மூன்று மெய் இருந்தால் எதை யாருக்குக் கொடுப்பது?

இந்த இடத்தில்தான் போலிஷ் நமக்குத் தாராளமாக நடந்துகொள்கிறது. சகோதரி என்ற பொருளுள்ள ‘ஷோஸ்த்ரா’வை வரி இறுதியில் உடைக்க வேண்டுமென்றால் ஷோ-ஸ்த்ரா, ஷோஸ்-த்ரா, ஷோஸ்த்-ரா மூன்றுமே சரி. மெய்க்கூட்டத்தில் ஒரு மெய்யாவது அடுத்த அசைக்குப் போக வேண்டும் என்பதே நிபந்தனை. ஒரே எழுத்து இரட்டித்து வந்தால் மட்டும் நடுவில் உடைக்க வேண்டும்: ‘லெக்-கி’ (இலேசான).

அசை எல்லை நிலையானது அல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். மேலே பார்த்த ‘பொறுப்பு’ச் சொல்லில் கடைசி அசை ‘நோஷ்ச்’. தன்மையைக் குறிக்கும் ‘-ஓஷ்ச்’ விகுதி முழுவதும் அதற்குள் அடங்குகிறது. ‘பொறுப்புடன்’ என்று உருபு சேர்த்தால் ‘ஒத்-போ-வ்யே-ஜல்-நோ-ஷ்சொ(ன்)’ என்று ஆறு அசை. இப்போது விகுதியின் உயிர் ஓர் அசையிலும், அதன் மெய்கள் அடுத்த அசையிலும் போய் நிற்கின்றன. உறுப்பு மாறவில்லை, அசை எல்லை மாறிவிட்டது. நமக்கு இது புதிதல்ல. ‘கடல்’ என்பதில் ஈற்றில் நிற்கும் ‘ல்’, ‘கடலில்’ என்றானதும் அடுத்த அசையின் தலைக்குப் போகிறது. மெய்யின்மேல் உயிர் ஏறுவதைப் பள்ளியிலேயே படித்த நமக்கு இதில் தடுமாற்றம் வரவே கூடாது.

போலந்தில் பல நிறுவனப் பலகைகளில் இந்தப் ‘பொறுப்புடன்’ என்ற வடிவம் சுருக்கமாக இருக்கும். நிறுவனப் பெயருக்குப் பின்னால் வரும் ‘ஸ்ப். ஸ் ஓ. ஓ.’ என்ற சுருக்கத்தின் கடைசி ஓ இந்தச் சொல்தான். ‘வரையறுத்த பொறுப்புடன் கூடிய கூட்டு நிறுவனம்’ என்பது அதன் விரிவு.

வரி இறுதியில் சொல்லை உடைக்கும்போது எதைச் செய்யவே கூடாது?

ஓர் ஒலிக்காக நிற்கும் இரட்டை எழுத்தைப் பிரிக்கக் கூடாது. மென்மைக்காக வந்த ஐ எழுத்தை அதன் மெய்யிலிருந்தோ அடுத்த உயிரிலிருந்தோ பிரிக்கக் கூடாது. ஒற்றை எழுத்தை வரி இறுதியில் தனியாக விடக் கூடாது.

இவை எளிது. சிக்கல் வருவது, ஒரே எழுத்துச் சேர்க்கை ஓரிடத்தில் ஓர் ஒலியாகவும் இன்னோர் இடத்தில் இரண்டு ஒலியாகவும் இருக்கும்போது. இதற்கு நான் மாணவர்களுக்குக் காட்டும் இணை ஒன்று உண்டு. ‘நிலத்தடி’ என்ற பொருளுள்ள ‘பொத்ஷெம்நி’, ‘பிரிப்பு’ என்ற பொருளுள்ள ‘போஜாவ்’. எழுதினால் இரண்டும் பி, ஓ, டி, இஸட், ஐ என்ற அதே ஐந்து எழுத்துகளில் தொடங்கும். ஆனால் முதலாவதில் ‘பொத்’ (கீழ்) என்ற முன்னொட்டும் ‘ஷெம்’ (நிலம்) என்ற பகுதியும் இருக்கின்றன. ஆகவே டி எழுத்துக்குப் பிறகு உடைக்க வேண்டும்: பொத்-ஷெம்-நி. இரண்டாவதில் முன்னொட்டு ‘போ’. டி-இஸட்-ஐ மூன்றும் சேர்ந்து ‘ஜ’ என்ற ஒரே ஒலி. ஆகவே டி எழுத்துக்கு முன்னால் உடைக்க வேண்டும்: போ-ஜாவ். வெறும் எழுத்தைப் பார்த்து இதை ஒருபோதும் தீர்மானிக்க முடியாது. சொல் எப்படி உருவானது என்று தெரிந்திருக்க வேண்டும். போலந்து நகரங்களில் சாலைக்கு அடியில் நடந்து கடக்கும் வழிகளின் பலகையில் முதற்சொல் இருக்கும், நிதானமாக நின்று பாருங்கள்.

ஆர்-இஸட் சேர்க்கையும் இப்படித்தான். கடல் என்ற பொருளுள்ள ‘மோஷெ’யில் அது ஒரே ஒலி. குளிரில் உறைவதைச் சொல்லும் ‘மர்-ஸ்நோன்ச்’ என்பதில் ‘ர்’ வேறு, ‘ஸ்’ வேறு.

ஏ-யூ சேர்க்கை: ‘அவ்-தோர்’ (நூலாசிரியர்) இரண்டு அசை, ‘நா-உ-கா’ (அறிவியல், கல்வி) மூன்று அசை. ‘நா’ என்பது முன்னொட்டு என்பதால் அங்கே உயிர்கள் ஒன்றாகக் கலப்பதில்லை.

இடைக்கோடு உள்ள சொல்லை வரி இறுதியில் உடைத்தால்?

கோடு இருமுறை வரும். வரியின் கடைசியில் ஒன்று, அடுத்த வரியின் தொடக்கத்தில் ஒன்று. தட்டச்சுப் பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

சரி, உறுப்புகளாகப் பிரிப்பது எப்படி? ஒரு சொல்லை முழுதாகப் பிரித்துக் காட்ட முடியுமா?

‘நய்ஞேபெஸ்ப்யெச்ஞேய்ஷி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பொருள்: மிகமிக ஆபத்தான. எழுத்து 21, அசை 6: நய்-ஞே-பெஸ்-ப்யெச்-ஞேய்-ஷி. அழுத்தம் ‘ஞேய்’ மேல்.

வலமிருந்து உரிப்போம். கடைசி ‘இ’ ஆண்பால் ஒருமை காட்டும் ஈறு. அதை எடுத்தால் ‘-ஏய்ஷ்’, ஒன்றைவிட மற்றொன்று கூடுதல் என்று காட்டும் விகுதி. அடுத்து ‘ன்’, பெயரைப் பெயரடையாக்குவது. இப்போது இடப்பக்கம் வருவோம். ‘நய்’ என்பது எல்லாவற்றிலும் மேலான என்ற உச்ச நிலை. ‘ஞே’ எதிர்மறை. ‘பெஸ்’ என்றால் இல்லாமல். நடுவில் எஞ்சுவது ‘ப்யெச்’ என்ற பகுதி. அக்கறை, கவலை என்ற பொருளுள்ள ‘ப்யெசா’ என்ற பழைய சொல்லின் வேர் அது.

ஆகப் படிப்படியாகச் சேர்த்துப் பார்த்தால்: ‘கவலை’, ‘கவலை இல்லாத’, அதாவது பாதுகாப்பான, ‘பாதுகாப்பற்ற’, அதாவது ஆபத்தான, ‘அதைவிட ஆபத்தான’, ‘எல்லாவற்றிலும் ஆபத்தான’. ஏழு உறுப்புகளும் தம் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. இந்த வரிசையை ஒருமுறை உணர்ந்துவிட்டால் இந்தச் சொல்லை நீங்கள் மறக்க மாட்டீர்கள். எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்தவர் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்.

அசைக் கோடும் உறுப்புக் கோடும் எங்கே விலகுகின்றன என்று கவனியுங்கள். இடப்பக்கத்தில் நய், ஞே, பெஸ் மூன்றும் இரண்டு கணக்கிலும் ஒன்றே. வலப்பக்கத்தில் ‘ன்’னும் ‘ஏய்’யும் சேர்ந்து ‘ஞேய்’ என்ற ஓர் அசையாகிவிட்டன, ‘ஷ்’ அடுத்த அசைக்குத் தாவிவிட்டது. இதைப் பொதுவாகவே சொல்லலாம்: போலிஷில் முன்னொட்டின் எல்லையை அசை பெரும்பாலும் மதிக்கும், பின்னொட்டின் எல்லையை மதிக்காது.

இந்த உறுப்புகளைப் போலிஷில் எப்படிச் சொல்கிறார்கள்?

வேர் ‘ர்ஜென்’. முன்னொட்டு ‘ப்ஷெத்ரோஸ்தெக்’, பின்னொட்டு ‘ப்ஷிரோஸ்தெக்’, இரண்டு வேர்களை இணைக்கும் ஒலி ‘ம்யென்த்ஸிரோஸ்தெக்’. மூன்றிலும் ‘வளர்ச்சி’ என்ற வேர் உள்ளே இருக்கிறது. முன்னால் வளர்ந்தது, ஒட்டி வளர்ந்தது, இடையில் வளர்ந்தது. நம் பகுபத உறுப்புகளோடு பொருத்தினால் வேர் பகுதிக்கும், பின்னொட்டும் ஈறும் விகுதிக்கும், இணைப்பு ஒலி சாரியைக்கும் அருகில் வரும். முன்னொட்டுக்கு மட்டும் தமிழில் நேரான இணை இல்லை. நம் மொழி பின்னால் சேர்த்தே வளர்வது. ஆகவே நம்மவர்கள் கூடுதலாக உழைக்க வேண்டியது முன்னொட்டில்தான்.

முன்னொட்டுகள் எத்தனை தெரிந்திருக்க வேண்டும்?

பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் நாளிதழ் படிக்கலாம். ‘பிஸாச்’ (எழுதுவது) என்ற ஒரு வினையை வைத்தே பாதியைக் கற்கலாம். ‘பொத்பிஸாச்’ கையெழுத்திடுவது. விண்ணப்பப் படிவங்களில் கையெழுத்துக் கோட்டின் கீழே ‘பொத்பிஸ்’ என்று இருக்கும். ‘ப்ஷெபிஸாச்’ படியெடுப்பது, மருத்துவர் மருந்து எழுதித் தருவது. அதிலிருந்து வந்த ‘ப்ஷெபிஸ்’ சமையல் குறிப்பும் ஆகும், சட்ட விதியும் ஆகும். ‘ஒபிஸாச்’ விவரிப்பது. ‘ஸாபிஸாச்’ குறித்துவைப்பது. ‘ஒத்பிஸாச்’ பதில் எழுதுவது.

‘ஃப்பிஸாச்’ (உள்ளே பதிவது) மட்டும் தனிக் கவனத்துக்குரியது. அதன் முன்னொட்டு ஒற்றை மெய், உயிரே இல்லை. ஆகவே சொல்லின் உறுப்பு ஒன்று கூடியும் அசை கூடவில்லை. ‘பிஸாச்’ போலவே இரண்டு அசைதான்.

முன்னொட்டின்மேல் முன்னொட்டும் ஏறும். ‘போ-வி-பி-ஸி-வாச்’ என்றால் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதித் தள்ளுவது. ‘வி’ வெளியே என்ற பொருளையும், அதன்மேல் ஏறிய ‘போ’ ஒவ்வொன்றாக என்ற பொருளையும் தருகிறது.

‘பெஸ்வ்ஸ்க்லென்த்நி’ போன்ற சொல்லில் மூச்சு முட்டுகிறது. எங்கே நிறுத்துவது?

முன்னொட்டில். ‘பெஸ்’ என்றால் இல்லாமல் என்று பார்த்தோம். அடுத்து ‘வ்ஸ்க்லென்த்’, பொருட்படுத்துதல். ‘நி’ பெயரடை ஈறு. இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஐந்து மெய் வரிசையாக நிற்பது உண்மைதான், ஆனால் ‘பெஸ்’ சொன்னதும் நாக்குக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது: பெஸ்-வ்ஸ்க்லென்த்-நி. பொருள், எதையும் பொருட்படுத்தாத, கடுமையான.

ஒரு வேண்டுகோள்: நடுவில் ‘இ’யோ ‘உ’வோ சேர்த்துச் சொல்லாதீர்கள். தமிழ் நாக்குக்கு அது இயல்பாக வரும். ஆனால் சேர்க்கும் ஒவ்வோர் உயிரும் ஓர் அசையைக் கூட்டும், அழுத்தம் இடம் மாறும், கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாது.

பகுதியே உருமாறிவிடுகிறதே, அதை எப்படி அடையாளம் காண்பது?

உருமாற்றத்தில் ஒழுங்கு உண்டு. ‘ரென்கா’ என்றால் கை. சிறிய கை ‘ரோன்ச்கா’. அதைவிடச் சிறிய, குழந்தையின் கை ‘ரோன்செச்கா’. க, ச ஆகிறது, உயிரும் மாறுகிறது. ‘நோகா’ (கால்), ‘நூஷ்கா’, ‘நூஷெச்கா’ என்பதும் ‘க்ஷெங்கா’ (பெரிய ஏடு), ‘க்ஷோன்ஷ்கா’ (புத்தகம்), ‘க்ஷோன்ஷெச்கா’ (சிறு புத்தகம்) என்பதும் அதே பாதை. ‘-கா’ சேர்ந்தால் வேரின் கடைசி மெய் மென்மையாகும், மறுபடி ஒரு ‘-கா’ சேர்ந்தால் நடுவில் ‘எ’ எட்டிப் பார்த்து ‘-எச்கா’ ஆகும். இந்த ‘-எச்கா’வை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு சொற்களைச் சேர்க்கும்போது ‘ஓ’ ஏன் வருகிறது?

அதுதான் இணைப்பு ஒலி. ‘பரோவுஸ்’: நீராவி, ஓ, வண்டி. ‘வொதோசொங்க்’: நீர், ஓ, இழுப்பு, அதாவது குழாய்வழி நீர் வழங்கல். ‘லிஸ்தோநோஷ்’: கடிதம், ஓ, சுமப்பவர், அதாவது தபால்காரர். கார் ‘ஸமோஹுத்’, தானே செல்வது. விமானம் ‘ஸமோலொத்’, தானே பறப்பது. முதற்பாதி வினையாக இருந்தால் ஓவுக்குப் பதில் ‘இ’ வரும். கஞ்சனை ‘துஷிக்ரோஷ்’ என்கிறார்கள், காசை நெரிப்பவன்.

ஆனால் ஜெர்மன் போலப் பெயர்மேல் பெயராக அடுக்குவது போலிஷின் வழி அல்ல. ரயில் நிலையத்தை ஜெர்மன்காரர் ஒரே சொல்லாக்குவார். போலந்துக்காரர் பெயரடையும் பெயருமாக இரண்டு சொல்லில் சொல்வார். போலிஷ் சொற்கள் நீள்வது பெரும்பாலும் ஒட்டுகளால்தான்.

சில கூட்டுச்சொற்களில் கோடு இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஏன்?

சமமான இரண்டைச் சேர்த்தால் கோடு உண்டு, ஒன்று மற்றொன்றுக்கு அடைமொழியானால் கோடு இல்லை. தேசியக் கொடி ‘ப்யாவோ-செர்வோனி’, வெள்ளையும் சிவப்பும், கோடு உண்டு. ‘யாஸ்நோசெர்வோனி’ வெளிர் சிவப்பு, கோடு இல்லை. 1999 முதல் போலந்தில் உள்ள 16 மாகாணங்களின் பெயரிலும் இதே கணக்கு. ‘குயாஃப்ஸ்கோ-போமோர்ஸ்க்யே’ என்பது குயாவியும் பொமெரேனியாவும் சேர்ந்தது, கோடு உண்டு. ‘ஸாஹொத்ஞோபோமோர்ஸ்க்யே’ என்பது மேற்குப் பொமெரேனியா, கோடு இல்லை. ஒரு கோட்டில் நாட்டின் வரைபடமே அடங்கியிருக்கிறது.

ப்யாவிஸ்தோக் நகருக்கு நடுவில் உருபு சேர்கிறது என்கிறார்களே?

சேர்கிறது. இணைப்பு ஒலி இல்லாமல் பெயரடையும் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்ட சொல் அது. ‘ப்யாவி’ வெண்மையான, ‘ஸ்தோக்’ பழைய வழக்கில் நீரோடை. ‘ப்யாவிஸ்தோக்கின்’ என்று சொல்ல ‘ப்யாவெகோஸ்தோகு’ என்கிறார்கள். உள்ளே இருக்கும் பெயரடையும் உருபேற்கிறது, கடைசியும் உருபேற்கிறது. ரயில் நேர அட்டவணையில் இந்த வடிவத்தைப் பார்த்து வேறு ஊர் என்று நினைத்துவிடாதீர்கள்.

எண்களைச் சேர்த்து எழுதினால் முடிவே இல்லையாமே?

எண்ணும் பெயரடையும் சேர்ந்தால் எல்லாம் ஒரே சொல்லாக எழுதப்படும். 999 வயதான என்பதைச் சொல்லும் சொல்லில் 44 எழுத்து, 13 அசை: ஜெ-வ்யெஞ்ச்-ஸெத் (900), ஜெ-வ்யெஞ்-ஜெ-ஷெஞ்-சோ (90), ஜெ-வ்யெஞ்-சோ (9), லெத்-நி (ஆண்டுகள் கொண்ட). நூறுகள் மாறாமல் நிற்கின்றன. பத்துகளும் ஒன்றுகளும் ‘-ஓ’ ஈறு பெறுகின்றன.

புழக்கத்தில் உள்ள உதாரணம் வேண்டுமென்றால் 50 க்ரோஷ் நாணயம்: ப்யெஞ்-ஜெ-ஷெஞ்-சோ-க்ரோ-ஷூஃப்-கா, ஏழு அசை. உறுப்பாகப் பிரித்தால் ‘க்ரோஷ்’ தனி, ‘ஊஃப்க்’ தனி. அசையாகப் பிரித்தால் அதே ‘ஷ்’ அடுத்த அசைக்குப் போய் ‘ஷூஃப்’ ஆகிறது.

மிக நீளமான போலிஷ் சொல் எது?

எண்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதால் அந்தப் போட்டிக்கு அர்த்தமில்லை. ஆனால் போலந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த ஒன்று உண்டு: கொன்-ஸ்தன்-தி-நோ-போ-லி-தஞ்-சி-கோ-வ்யா-நெச்-கா. 32 எழுத்து, 12 அசை. கான்ஸ்தாந்திநோபிள் நகரப் பெயர், அந்த ஊர்க்காரரைக் குறிக்கும் ‘-இதஞ்சிக்’, அவரைச் சேர்ந்த என்ற ‘-ஓவ்’, பெண்பால் ‘-யான்கா’, அதைச் சிறிதாக்கும் ‘-எச்கா’. அந்த ஊர்க்காரர் வீட்டுச் சிறுமி என்று பொருள். அந்த நகரத்தைப் போலந்துக்காரர்கள் இன்று ‘ஸ்தம்புவ்’ என்கிறார்கள், ஆகவே வாழ்க்கையில் யாருக்கும் இந்தச் சொல் தேவைப்படாது. ஆனாலும் விகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் முறையைக் கற்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

2026இல் எழுத்துமுறை மாறியதே, இதைப் பாதிக்கிறதா?

பாதிக்கிறது. போலிஷ் மொழிக் கவுன்சில் 2024இல் அறிவித்த மாற்றங்கள் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்று, ‘ஞே’ என்ற எதிர்மறையைப் பெயரடையின் எல்லா நிலைகளிலும் சேர்த்தே எழுதுவது. முன்பு உச்ச நிலைப் பெயரடைக்கு முன்னால் அது தனிச்சொல்லாக நின்றது. இப்போது ‘ஞேநய்பெஸ்ப்யெச்ஞேய்ஷி’ என்று ஒரே சொல். இதை மேலே பிரித்துப் பார்த்த ‘நய்ஞே…’ சொல்லோடு பக்கத்தில் வையுங்கள். அது ‘மிகமிக ஆபத்தான’, இது ‘அவ்வளவொன்றும் பாதுகாப்பானதல்லாத’. முதல் இரண்டு அசைகள் இடம் மாறியிருக்கின்றன, பொருள் எங்கோ போய்விட்டது. இனி அவசரமாகப் படிக்கிறவர்கள் இதில் தவறுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொரு மாற்றம், ஊர்க்காரர் பெயர்களுக்குப் பெரிய எழுத்து. வார்ஸாக்காரர், க்ராகோவ்காரர் எல்லாம் இனிப் பெரிய எழுத்தில். மேலே சொன்ன 32 எழுத்துச் சிறுமிக்கும் சேர்த்துத்தான்.

‘வ்’, ‘ஸ்’ என்று ஒற்றை மெய்யாக வரும் முன்னிடைச்சொற்கள் அசையா?

உயிர் இல்லை, ஆகவே அசை இல்லை. அடுத்த சொல்லோடு ஒட்டியே ஒலிக்க வேண்டும்: ‘ஃப்போல்ஸ்ட்ஸெ’ (போலந்தில்). அடுத்த சொல் அதே மெய்யில் தொடங்கும் கூட்டமாக இருந்தால் பழைய உயிர் திரும்பி வரும்: ‘வெ வ்ரோட்ஸ்வாவ்யு’ (வ்ரோட்ஸ்வாவ் நகரில்). அப்போது ஓர் அசை கூடும்.

பிரித்துப் பார்க்கச் சில சொற்கள் கொடுக்க முடியுமா?

‘ஞே-பொத்-லெ-க்வோஷ்ச்’, விடுதலை. 1918ஐ நினைவுகூரும் நவம்பர் 11 விழாவின் பெயரில் உள்ளது. எதிர்மறை, கீழ், கிடத்தல், தன்மை: ஒருவருக்குக் கீழ்ப்பட்டுக் கிடக்காத தன்மை.

‘ம்யென்-த்ஸி-நா-ரோ-தோ-வி’, சர்வதேச. இடையே, நாடு, பெயரடை விகுதி. ‘நாடு’ என்பதற்குள்ளும் ‘நா’ என்ற முன்னொட்டும் பிறப்பு, குலம் என்ற வேரும் இருக்கின்றன.

‘ஞே-ப்ஷெ-வி-தி-வல்-நோஷ்ச்’, கணிக்க முடியாத தன்மை. எதிர்மறை, ஊடாக, காணுதல், தொடர்ச்சி காட்டும் ஒட்டு, இயலுமை, தன்மை. 18 எழுத்து, ஆறு அசை, அழுத்தம் ‘வல்’ மேல்.

‘ப்ஷெத்-ஷென்-ப்யோர்-ஸ்த்ஃபோ’, தொழில் நிறுவனம். முன்னால், தன்னை, எடுத்தல், அமைப்பு. கடைசி மெய்க்கூட்டத்தை ‘ப்யோர்ஸ்-த்ஃபோ’ என்றும் உடைக்கலாம், தவறில்லை.